வெண்கலத்தின் வீட்டுக்குரல்

மரம் அறுக்கும் மில்லில் அவருக்கு வெண்கலம் என்று பேர். இருபத்தெட்டு வருஷம் ரம்பத்தோடு போட்டி போட்டுப் பேசியதில் தொண்டை அப்படி ஆகிவிட்டது. மனைவியிடம் "உப்பு கொண்டா" என்றால் பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவருவாள். சத்தியமாக, ஒரு தடவை கொண்டுவந்தும் விட்டாள்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குப் பேத்தி பிறந்தாள். மகள் குழந்தையோடு வந்து தங்கியிருந்தாள். இவர் வாயைத் திறந்தால் போதும், குழந்தைக்குத் தூக்கிவாரிப்போடும். "நீங்க கொஞ்சம் வெளியில இருங்களேன்" என்பாள் மனைவி. பாவம், சொந்த வீட்டில் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தார். தூங்குகிற பேத்தியை ஒரு தடவை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அதற்கும் போன் வேட்டு வைத்தது. காய்ப்பு ஏறிய அவர் விரலுக்குப் போன் திரை மசியாது, வாயால்தான் ஏவ வேண்டும். அதற்கான குரலை எங்கே பதிந்தார் தெரியுமா? மில்லுக்குள், ரம்பம் ஓட ஓட, தொண்டை கிழியக் கத்தி! வேறு யார் செய்வார்கள் இந்தக் கூத்தை? அன்றிலிருந்து கத்தினால்தான் அது விழிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நடு வீட்டில் நின்று, போனை எழுப்ப "ஹலோ தோழி!" என்று ஒரு போடு போட்டார். அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தை வீல் என்றது. மகளுக்கு மூக்குமேல் கோபம். குழந்தையைத் திரும்பத் தூங்கவைத்துவிட்டு வந்தாள்.

"குடுங்கப்பா அந்தப் போனை." வாங்கித் திரையைத் தட்டினாள். "இதோ, பழைய குரலை அழிச்சுட்டேன். இப்ப மெதுவாச் சொல்லுங்க, புதுசாப் பதியலாம்."

"மெதுவாவா? அது எனக்கு வராதும்மா."

"வரும். சொல்லுங்க."

முதல் தடவை ஜன்னல் அதிர்ந்தது. அழித்தாள். இரண்டாவதும் அதே கதைதான். மூன்றாவது தடவை கண்ணை மூடி, உள்ளே தூங்குகிறவளின் முகத்தை நினைத்துக்கொண்டார். "ஹலோ தோழி." கரகரவென்று, ஆனால் இதமாக வந்தது. போன் ஏற்றுக்கொண்டது.

"இத்தனை வருஷமா இந்தக் குரலை எங்கப்பா ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

அவருக்கே தெரியாது. வெட்கப்பட்டுச் சிரித்தார். மகள் உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி வந்து அவர் மடியில் கிடத்தினாள். என்ன பேசுவதென்று தெரியாமல், நேற்று வந்து இறங்கிய தேக்கு எத்தனை அடி, எங்கே கோணல் என்று பேத்திக்கு விலாவாரியாகச் சொன்னார். அவள் அசையவே இல்லை. மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் மில்லில் கத்து கத்தென்று கத்தியும் போன் எட்டிப் பார்க்கவில்லை.

"பழையபடி மாத்திக்கய்யா" என்று சிரித்தார் மேஸ்திரி.

"போய்யா, அது கிடக்கட்டும்."

ரம்பத்தை நிறுத்திவிட்டு, மரத்தூள் குவியலைத் தாண்டி கேட் வரைக்கும் நடந்தார். "ஹலோ தோழி, மகளைக் கூப்பிடு" என்று மெல்லச் சொன்னார். மகள் எடுத்தாள்.

"பாப்பா தூங்குறாளா? அப்ப வச்சுடட்டுமா?" என்றார் பழக்கதோஷத்தில்.

"தூங்குறா. ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துலதான் வச்சிருக்கேன். நீங்க பேசுங்கப்பா."