மருந்தடிக்காத பார்லி வயல்

முதல் நாள் வயலைச் சுற்றிவிட்டு வெளியே வந்தபோது என் வெள்ளைச் சேலையின் ஓரமெல்லாம் காவியேறியிருந்தது. மண் என்று நினைத்துத் தட்டினேன். மண்ணில்லை, பார்லி இலைகளில் படர்ந்திருந்த துரு நோயின் தூள். "தட்டாதீங்க, போற பக்கமெல்லாம் பரவட்டும்" என்று சிரித்தார் அந்த வயலின் பொறுப்பிலிருந்த ஆபீஸரம்மா. நோயை வளர்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

அது எண்பதுகளின் தொடக்கம். ஏற்காட்டிலிருந்து மாரமங்கலம் போகும் வழியில், ஒரு காப்பி எஸ்டேட்டை ஒட்டிய சரிவில் அந்தச் சோதனை வயல் இருந்தது. மிஷன் பள்ளியில் படிப்பை முடித்த நான் அங்கே உதவியாளராகச் சேர்ந்தேன். கோபி ஊர்ப் பக்கத்துக்காரரான ஆபீஸரம்மா என்னைவிடச் சற்றே மூத்தவர். பழைய பார்லி நெடுநெடுவென்று வளர்ந்து, கதிர் முற்றியதும் காற்றில் சாய்ந்துவிடுமாம். அவருக்கு முன்னால் உழைத்தவர்கள் குட்டை ரகத்தோடு கலந்து அதை நிமிர்த்தினார்கள். நிமிர்ந்து நின்றதைத் துரு தின்றது. துருவைத் தாங்கும் செடியைக் கண்டெடுத்து அந்தக் குணத்தையும் சேர்ப்பது இவர் வேலை. அதற்காகவே சீக்கிரம் நோய் பிடிக்கும் ரகத்தை வயலைச் சுற்றி விதைத்து, அதிலிருந்து பரவும் துருவை உள்ளே இருந்த செடிகளில் எது தாங்குகிறது என்று சோதித்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. ஆபீஸரம்மாவின் மேலதிகாரி முன்கூட்டியே ஜீப்பில் வந்து பார்த்து முகம் சுளித்தார்.

"ஏம்மா, இது வயலா, சீக்காளி ஊடா? நாளைக்கே மருந்தடிங்க. இருக்கற பச்சையாவது மிஞ்சட்டும்."

"அடிச்சா எல்லாமே பொழைச்சுக்குமுங்க சார். எது தானாப் பொழைக்கும்னு தெரியாமயே போயிருமுங்க."

"சொன்னதைச் செய்யுங்க."

மறுநாள் காலையில் பக்கத்து ஊரான செம்மநத்தத்து ஆட்கள் இருவர் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். ஆபீஸரம்மா வயலின் வாசலை மறித்து நின்றார். "அடிக்கோணும்னா எம்மேல அடிச்சுட்டு உள்ள போங்க."

என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனாலும் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். வந்தவர்களில் மூத்தவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஸ்பிரேயரைக் கீழே இறக்கினார்.

"பொம்பளைங்க மேல மருந்தடிக்க எங்களுக்குக் கூலி பேசலீங்க."

பெரிய அதிகாரி வந்தார். கருகிக் கிடந்த வயலைப் பார்த்ததும் நின்ற இடத்திலிருந்தே திரும்பினார். நடுவே பச்சையாக நின்ற சில செடிகளைக் காட்ட ஆபீஸரம்மா கூப்பிட்டது அவர் காதில் ஏறவில்லை. அடுத்த வாரமே மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. "அறுப்பு முடியாம நான் மலையிறங்கறதில்லீங்க" என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டிலேயே தங்கினார். சம்பளமில்லாத அந்த நாட்களில் தினமும் வயலுக்கு வந்தார். துரு ஏறாமல் முற்றிய செடிகளை நாங்கள் இருவருமே அறுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கசக்கி விதையெடுத்தோம்.

புது ஊரில் அவருக்குக் கிடைத்தது ஒரு மூலை நிலம். அதில் அந்த விதைகளை விதைத்து, குட்டை ரகத்தோடு கலந்து, வருஷக்கணக்கில் பொறுக்கியெடுத்தார். தொண்ணூறுகளில் நான் போய்ப் பார்த்தபோது முழங்கால் உயரப் பயிர் காற்றுக்குச் சாயாமல் நின்றது. இலையைத் தடவினால் விரலில் எதுவும் ஒட்டவில்லை. ரகம் வெளியானபோது அவர் பேர் எங்கும் வரவில்லை. பதவி உயர்வும் கடைசிவரை வரவில்லை.

ஏற்காட்டுச் சரிவில் இப்போது ஒரு தங்கும் விடுதி நிற்கிறது. போன மாதம் போனில் ஆபீஸரம்மாவிடம் பேசும்போது கேட்டேன்: "ஏனுங்க, அன்னைக்கு அவங்க நெசமாவே மருந்தை அடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"என்ன பண்ணுவேன்? குளிச்சுட்டு வந்து மறுபடியும் அங்கயேதான் நின்னிருப்பேனுங்க."