கல்லாப்பெட்டியும் என் வீட்டுக்காரரின் சுண்டுவிரலும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது லுணுகலைக் கடைத்தெருவுக்கே தெரியும். என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவர். இலங்கை மலைநாட்டிலிருக்கும் அந்த ஊரில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. சுற்றியிருந்த தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் அரிசிக்கும் கருவாட்டுக்கும் வெற்றிலைக்கும் எங்களிடம்தான் வருவார்கள். பக்கத்து டவுன் பதுளைக்கே ரயில் வராத காலம் அது.

கடையின் கல்லாப்பெட்டி என் மாமனார் திருச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தது. அதன் மூடியில் பாதி திறக்கும், பாதி அசையாது. ஓரமெல்லாம் இரும்புப் பட்டை. பெட்டியோடு ஒரு நம்பிக்கையையும் மாமனார் கொண்டுவந்திருந்தார். வியாபாரம் நடக்கும்போது முதலாளியின் இடது முழங்கை பெட்டியை விட்டு எழக்கூடாதாம். எழுந்தால் லட்சுமி இறங்கிப் போய்விடுவாளாம். அவர் காலம் முடிந்ததும் என் வீட்டுக்காரர் அந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காலையில் அந்த இரும்புப் பட்டையில் முழங்கையை ஊன்றினால் விளக்கு வைக்கும்வரை எடுக்கமாட்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்கூடப் பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவார்.

ஒருநாள் சாயங்காலம் பெட்டிக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். தூபக்காலிலிருந்து ஒரு கங்கு தெறித்து அவருடைய இடது சுண்டுவிரலில் விழுந்தது. தோல் கருகும் வாடை எனக்கு வருகிறது. அவரோ லட்சுமியை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்!

"ஐயோ, விரலு! விரலு!" என்று கத்தினேன்.

"என்ன விரலு?" என்றார். கங்கைத் தட்டிவிட்டுப் பார்த்தால் விரலில் கொப்புளம். "சுடவே இல்லையே" என்று ஏதோ பரிசு விழுந்தவர் மாதிரிச் சிரித்தார்.

மறுநாள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் சீனி வாங்க வந்தார். அவர் முழு டாக்டர் இல்லை. இருந்தாலும் கோட்டும் தொப்பியும் போட்டு மட்டக்குதிரையில் வருவதால் ஊரே அவரை டாக்டரையா என்றுதான் கூப்பிடும். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். அவர் கொடுத்த கொயினா மருந்தில் காய்ச்சல் விட்டுப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். கொப்புளத்தைப் பார்த்ததும் கோட்டிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்துச் சுண்டுவிரலில் குத்தினார்.

"சுருக்குங்குதா?"

"இல்லீங்களே."

முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். அங்கே தோல் கறுத்துத் தடித்திருந்தது. அதிலும் குத்தினார். அங்கேயும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. டிஸ்பென்சரின் முகம் மாறியது. கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"முதலாளி, மனசத் திடப்படுத்திக்கங்க. இது பெருவியாதி, குஷ்டம். நான் மேல எழுதித்தான் ஆகணும். கொழும்புப் பக்கம் அதுக்குன்னு ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. அங்க கொண்டுபோய் வச்சுருவாங்க."

அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. எங்கள் மகளுக்கு அப்போதுதான் பேச்சு வந்து, 'அப்பா' என்று கூப்பிட்டபடி அவர் மடிமேல் ஏறி விளையாடுகிற வயசு. அன்று ராத்திரி அவர் தனித்தட்டு கேட்டார். பிள்ளை ஓடிவந்தபோது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு எட்டப் போனார். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு சரக்கறைக்குக் கிளம்பினார். அந்தக் கை ஒளிந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வந்தால் எனக்குப் பின்னாலேயே கோபமும் வந்துவிடும்.

"அரிசி மூட்டைக்குப் பக்கத்துல படுக்கப் போறீங்களோ? முதலாளிக்கு வியாதின்னு தெரிஞ்சா அந்த அரிசிய எவன் வாங்குவான்? பேசாம உள்ள வந்து படுங்க!" என்றேன்.

"டாக்டரையாவே சொல்லிட்டாரு புள்ள. படிச்சவரு. அவருக்கு மேல யாரக் கேக்கறது?"

"ஒரு சேல எடுக்க மூணு கடை ஏறி எறங்கறேன்னு என்னைத் திட்டுறீங்கள்ல? ஒரு மனுசன ஊரைவிட்டு அனுப்ப ஒரே ஒரு வாய்ச்சொல்லு போதுமா? பதுளைக்குப் போறோம். பெரிய டாக்டர் பாக்கட்டும். அவரும் அதையேதான் சொன்னா, அப்ப சேர்ந்து உக்காந்து அழுவோம்."

ஒளித்து மறைத்துப் போவது எனக்குப் பிடிக்காது. டிஸ்பென்சரிடம் நேராகவே சொன்னேன். அவருக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. "ஏம்மா, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்றார்.

"நம்பிக்கை இருக்குங்க. எங்க கடையில நிறுத்த சீனியை நீங்க வீட்டுக்குப் போய் மறுபடி நிறுத்துப் பாக்கறீங்களாமே! அதுக்கு நாங்க கோவிச்சுக்கிட்டோமா?"

அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. "போய்ட்டு வாங்க. அதுவரைக்கும் நான் எழுதலை" என்றார். அந்தப் பெருந்தன்மைக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு விடியுமுன்னே மாட்டுவண்டி கட்டினோம். அவர் வண்டிப் பலகையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வழிநெடுகத் தேயிலை மலையையே பார்த்தபடி வந்தார். இனிமேல் பார்க்கக் கிடைக்காது என்று நினைத்திருப்பார். நான் கட்டுச்சோற்றைப் பிரித்துக் கொடுத்து, "தின்னுங்க, பசியோட போனா டாக்டர் இன்னொரு வியாதியும் சொல்லிருவாரு" என்றேன். கொஞ்சம் சிரித்தார்.

பதுளை டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவசரப்படாத ஆள். என் வீட்டுக்காரரின் சட்டையைக் கழற்றச் சொல்லி, சன்னல் வெளிச்சத்தில் முதுகு, நெஞ்சு, காது எல்லாம் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். முழங்கையின் காய்த்துப்போன தோலை விட்டால், சுண்டுவிரலிலும், மோதிரவிரலில் அதை ஒட்டிய பாதியிலும் மட்டும் உணர்ச்சி இல்லை. காதுமடலில் லேசாகக் கீறி, ஒரு கண்ணாடிச் சில்லில் தடவி எடுத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியில் பார்க்க உள்ளே போனார். அவர் வெளியே வருவதற்குள் நான் கதிர்காமத்து முருகனுக்கு என்னென்னவோ நேர்ந்துவிட்டேன்.

வந்தவர் கேட்டார்: "என்ன தொழில் செய்யிறனீங்கள்?"

"பலசரக்குக் கடைங்க."

"கடையில எப்பிடி இருப்பீங்கள்?"

"நல்லாத்தான் இருக்கேனுங்க" என்றார் இந்த மனிதர்.

"அதில்லை. எப்பிடிக் குந்தியிருப்பீங்கள்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "உக்காந்து காட்டுங்களேன்!" என்றேன். மூலையில் ஒரு மருந்துப் பெட்டி கிடந்தது. அதன் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டார். அவ்வளவுதான், முழங்கை தானாகப் பெட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டது. டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பக்கத்தில் குனிந்து, முழங்கை எலும்புக்குப் பின்னால் ஒரு விரலால் தட்டினார்.

"ஐயோ! சுண்டுவிரல் வரைக்கும் மின்னுதுங்க!"

"முழங்கை இடிபட்டால் எல்லாருக்கும் சுரீரெண்டு ஓடுமே, அந்த நரம்புதான். தோலுக்குக் கீழயே கிடக்குது. வருசக்கணக்காய் இரும்பில வைச்சு நசுக்கிப் போட்டீங்கள். நான் பார்த்த மட்டில பெருவியாதிக்கு அடையாளம் ஒண்டும் இல்லை. ஆனால் முழங்கையை எடுத்த பிறகு உணர்ச்சி திரும்பினால்தான் முழுசாய்ச் சொல்லலாம். அதுவரைக்கும் ஒருத்தரும் உங்களை எங்கையும் அனுப்ப வேண்டாம்."

வெளியே வந்து வண்டிச்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என்னைத் தேற்றுவதா, லட்சுமியை நினைத்துக் கவலைப்படுவதா என்று தெரியாமல் நின்றார். "முழங்கைய எடுத்தா யாவாரம் என்னாகும் புள்ள?" என்றார். அடிக்கலாமா என்று வந்தது எனக்கு.

ஊருக்கு வந்த பிறகுதான் பெரும்பாடு. எடுங்கள் என்றால் எடுப்பார். கொஞ்ச நேரத்தில் முழங்கை மறுபடியும் பெட்டிமேல் இருக்கும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்! யோசித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, முழங்கை ஊன்றுகிற அதே இடத்தில் வைத்து, அறுகம்புல்லும் பூவும் சாத்திவிட்டேன். சாமிமேல் எந்த மனிதன் முழங்கையை வைப்பான்?

"லச்சுமிய இனிமே அவரு பாத்துக்குவாரு" என்றேன். என் வீட்டுக்காரர் கையை மடியில் வைத்துக்கொள்ளப் பழகினார். லட்சுமி எங்கும் போகவுமில்லை.

ஆனால் பிள்ளையை மட்டும் அவர் தொடவில்லை. "உணர்ச்சி வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பார். பெரிய டாக்டர் சொல்லியும் அந்தப் பயம் போகவில்லை. தினமும் நான் ஊசியோடு போவேன். "இன்னைக்கு?" "இல்ல." தீபாவளி போயிற்று, கார்த்திகை போயிற்று. எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பொங்கலுக்குச் சாமான் வாங்கக் கூட்டம் நெரித்த நாள் அது. டிஸ்பென்சரும் பொட்டலத்தோடு நின்றிருந்தார். நான் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த சமயம் பார்த்து மகள் பெட்டியடிக்கு நழுவிப் போய், திறந்திருந்த மூடியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறாள். மூடி படாரென்று அவர் இடது கையில் விழுந்தது.

"ஐயோ அம்மா! விரலு போச்சே!"

கடையே திரும்பிப் பார்த்தது. நான் தராசைப் போட்டுவிட்டு ஓடினேன். "எந்த விரலு?" என்று நானும் டிஸ்பென்சரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

அவர் கையைத் தூக்கிப் பிடித்தார். சுண்டுவிரல் சிவந்து வீங்கியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். டிஸ்பென்சர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நான் சொன்னது தப்பும்மா" என்று கூட்டத்துக்கு நடுவிலேயே சொன்னார்.

அடி விழப்போகிறது என்று மகள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள். நான் சரக்கு டின்னைத் திறந்து, பெரிய பனங்கட்டியாகப் பார்த்து அவள் கையில் கொடுத்தேன். அதற்குள் அவர் அவளை வாரித் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார், அந்தக் கையாலேயே.

அவள் விரலைப் பிடித்து ஊதிவிட்டாள். "அப்பா, வலிக்குதா?"

"வலிக்குது கண்ணு" என்றார். "நல்லா வலிக்குது."