அறுபத்தொன்பதுக்கு மேல்

சூரியநெல்லியில் முப்பது வருடம் தேயிலைக் கொழுந்தை எடை போட்டு, எண்ணை உரக்கச் சொன்னவன் நான். ஒரு கிலோ தவறிச் சொன்னாலும், வெயிலில் நின்று கிள்ளிய பெண் சும்மா விடமாட்டாள். நானும் தவறிச் சொன்னதில்லை. அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

விடுதியில் வேலை பார்த்த என் மகன், அங்கே தங்க வந்த பிரெஞ்சுக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அவள் நாட்டுக்கே போனான். அப்போது பேத்திக்கு ஐந்து வயது. தமிழ் வராது. ஞாயிறுதோறும் வீடியோ காலில் எங்களுக்கு ஒரே விளையாட்டு. நான் பிரெஞ்சில் எண்ணுவேன், அவள் ஒளிந்துகொள்வாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அறுபத்தொன்பது வரைதான். அங்கே நான் நிறுத்தியதும் அவளே சிரித்துக்கொண்டு வெளியே வருவாள்.

ஒருநாள் நூறு வரை எண்ணச் சொன்னாள். பக்கத்து லயத்து வீட்டில் இருந்த, பிரெஞ்சு தெரிந்த சுற்றுலா வழிகாட்டியைப் பிடித்தேன். அப்போதுதான் வில்லங்கம் தெரிந்தது. அறுபது வரை ஒழுங்காக வந்த மொழி, எழுபதுக்குச் சொல் இல்லாமல் ‘சுவாசாந்த் தீஸ்’ என்கிறது. அறுபதும் பத்துமாம். எண்பது ‘கத்ர வான்’, அதாவது நான்கு இருபது. தொண்ணூற்றொன்பது என்றால் நான்கு இருபது, பத்து, ஒன்பது!

“அந்தக் காலத்துல அங்க இருபது இருபதா எண்ணியிருக்காங்க மாமா. அதோட மிச்சந்தான் இதுன்னு சொல்லுதாங்க. பெல்ஜியத்துல எழுபதுக்குத் தனிச் சொல்லே இருக்கு” என்றான் அவன்.

என் மகனுக்கு பெல்ஜியத்தில் பெண் கிடைக்கவில்லையா என்று எரிச்சல் வந்தது. நூறு வருவதற்கு முன்பே ‘தொண்ணூறு’ என்ற சொல்லில் நூறை இழுத்து வைத்திருக்கும் நமக்கு, கேலி செய்யத் தகுதியில்லைதான்.

தனியாகச் சொல்லிப் பழகியபோது எண்பத்தொன்றிலேயே நாக்குத் தடுமாறியது. குழந்தை முன்னால் நான் எண்ணைத் தப்பாகச் சொல்வதா? வேலை இருக்கிறது, அடுத்த ஞாயிறு பேசலாம் என்று மகனிடம் சொன்னேன். மூன்று ஞாயிறு அப்படியே சொன்னேன்.

நான்காம் ஞாயிறு நூறும் பிசகாமல் வந்தது. கூப்பிட்டேன். திரையில் மகன் மட்டும் இருந்தான்.

“அவ பிள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டாப்பா. இனி கோர்ட்டுதான். பேசவே விடமாட்டேங்கா.”

அவர்களுக்குள் சரியில்லை என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. போன மாதம்தான் மகன் மிச்சத்தைச் சொன்னான். அந்த மூன்று ஞாயிறும் பேத்தி திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றாளாம். தாத்தா இன்றைக்கு வரமாட்டார் என்று சொல்லியும் கேட்கவில்லையாம்.

“நீங்க மனசுக்குள்ள எண்ணிக்கிட்டிருக்கீங்க, நூறு வர நேரமாகும்னு சொன்னாப்பா.”

போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். தடுமாறியே எண்ணியிருக்கலாம்.