சைவக்காரன் கையில் கறிக் கரண்டி

கல்லூரி விடுதி வாழ்க்கையைப் பற்றி யாராவது மேடையேறிப் பேச ஆரம்பித்தால் எனக்கு மெல்ல எரிச்சல் கிளம்பும். கூடி வாழ்தல், முழு மனிதனை உருவாக்குதல் என்று பெரிய வார்த்தைகளாக வந்துகொண்டே இருக்கும். கீழே உட்கார்ந்திருக்கும் பழைய மாணவர்கள் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டுவேன். ஆனால் பேசுகிறவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரம் மார்க்கெட்டில் கறிக்கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவராக இருக்கமாட்டார். நான் நின்றிருக்கிறேன். அதனால் இந்த விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் பேச உரிமை உண்டு.

அறுபதுகளின் பின்பாதியில் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து தாம்பரத்துக்குப் படிக்க வந்தேன். எங்கள் வீடு சுத்த சைவம். முட்டை என்ற சொல்லையே குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் மீன் குழம்பின் ருசியைப் பற்றிப் பேசினார் என்பதற்காக எழுந்துபோய் வேறு வரிசையில் உட்கார்ந்தவர் என் அப்பா. தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க். திட்டமாட்டார், அடிக்கமாட்டார். கோபம் வந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து நாலாக மடித்து மடியில் வைத்துக்கொள்வார். அதற்குமேல் வீட்டில் யாரும் வாய் திறக்கமாட்டோம்.

பாதிரிமார் ஆரம்பித்த கல்லூரியில், அதுவும் அங்கேயே தங்கிப் படிப்பதில் அவருக்கு அரை மனசுதான். "ஏதாவது சரியில்லன்னு எனக்குத் தோணுச்சுன்னா, அன்னிக்கே பெட்டியக் கட்டிக்கிட்டு சித்தப்பா வீட்டுக்குப் போயிடணும்" என்று சொல்லித்தான் சேர்த்தார். சித்தப்பா வீடு குரோம்பேட்டையில், மின்சார ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். சித்தப்பா நல்ல மனுஷர்தான். ஆனால் விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வந்ததும் அவர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டும். குரோம்பேட்டை என்ற பெயரைக் கேட்டாலே நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஏனென்றால் அதற்குள் எனக்கு ஹால் பிடித்துப்போய்விட்டது. எங்கள் கல்லூரியில் ஹாஸ்டல் என்று சொன்னால் சீனியர்கள் திருத்துவார்கள், ஹால் என்றுதான் சொல்லவேண்டும். அங்கே எல்லாவற்றுக்கும் மீட்டிங் போடுவார்கள். சாப்பிடும்போது ரேடியோ பாடலாமா கூடாதா என்பதற்கு ஒரு ஜெனரல் பாடி மீட்டிங். கேரம்போர்டை எங்கே வைப்பது என்பதற்கு இன்னொன்று. வார்டன் ஒரு பெரிய பேராசிரியர். அவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கையைத் தூக்கி அனுமதி வாங்கித்தான் பேசுவார். வீட்டில் என் சட்டைத் துணியின் நிறத்தைப் பற்றிக்கூட நான் அபிப்பிராயம் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. ஹாலில் ஒருநாள் மீட்டிங்கில் எழுந்து, ரசத்தில் தண்ணீர் அதிகமாக இருக்கிறது என்று சொன்னேன். அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மறுநாள் ரசம் திருந்தவில்லை என்பது வேறு விஷயம். நான் பேசினேன், கேட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் அன்று எனக்குப் பாடமே ஓடவில்லை.

என் அறைத்தோழன் திருநெல்வேலிப் பக்கம், ஆரம்பப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகன். தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். காலையில் கண்ணை மூடி ஜெபம் செய்வான், குளிக்கும்போது கட்டைக் குரலில் பாடுவான். அவன் அம்மா கொடுத்தனுப்பும் கருவாட்டுப் பொடி டப்பாவை முதல் வாரமே எதிர் அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

மெஸ்ஸை நடத்துவதும் மாணவர்கள்தான். மாதம் ஒருவரை மெஸ் செக்ரட்டரியாகத் தேர்ந்தெடுப்பார்கள். மார்க்கெட்டுக்குப் போவது, பரிமாறும்போது நிற்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஆட்டுக்கறி. அந்த ஞாயிறுகளில்தான் ஹாலில் சண்டை மூளும். செக்ரட்டரியின் சிநேகிதர்களுக்குச் சதையும் மற்றவர்களுக்கு எலும்பும் விழுகிறது என்பது நிரந்தரப் புகார். ஒரு மீட்டிங்கில் இது கைகலப்பு வரை போனது. அப்போது பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"சைவக்காரன் ஒருத்தனப் போடுங்கப்பா! கறி மேல ஆசையே இல்லாதவன்தான் நியாயமா பங்கு போடுவான்!"

ஒரே சிரிப்பு. சிரிப்பு அடங்குவதற்குள் அதுவே தீர்மானமாகிவிட்டது. ரசத்தைப் பற்றிப் பேசியவன் என்று யாரோ என்னைக் கைகாட்டினார்கள். நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவன் நியாயமாக நடப்பான் என்று அத்தனை பேர் சேர்ந்து என்னை நம்பியது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

முதல் கறி ஞாயிறன்று அறைத்தோழன் கூட வந்து கறி பார்த்து வாங்கிக் கொடுத்தான். அடுத்ததற்கு அவனுக்கு ஜலதோஷம், போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான். நானும் சமையல்காரரும் மட்டும் மார்க்கெட்டுக்குப் போனோம். வரிசையாகத் தொங்கியதைப் பார்த்ததுமே நான் திரும்பி நின்றுகொண்டு, எதிர்க்கடை வாழைத்தார்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

"இன்னா சார், கடைக்கு முதுக காட்டிக்கினு நின்னா எப்டி?" என்றார் சமையல்காரர். "தராசப் பாக்க வாணாமா? இவன் பூரா எலும்பாப் போட்டு வுட்றுவான்."

"நீங்க பாத்துக்குங்க அண்ணே."

"நான் வெங்காயம் வாங்கப் போவணும் சார். பேஜார் பண்ணாத, கொஞ்சம் திரும்பு."

நான் திரும்பவில்லை.

அதே நேரத்தில் அப்பா ஹாலுக்கு வந்துவிட்டார். மறுநாள் சித்தப்பா வீட்டில் ஏதோ விசேஷம். இரவு ரயிலில் வந்து, குரோம்பேட்டையில் குளித்துவிட்டு, பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கிளம்பியிருக்கிறார். அறையில் போர்வையோடு கிடந்த என் தோழன் துள்ளி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டிருக்கிறான்.

"எங்க தம்பி அவன்?"

கறிக்கடைக்குப் போயிருக்கிறான் என்று எப்படிச் சொல்வது? அவன் வளர்ந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர்கள் இப்படிக் கேட்டால், மேற்கொண்டு ஒரு கேள்வியும் வராத பதில் ஒன்றுதான் உண்டு. அன்றைக்கு ஆராதனைக்குப் போகாமல் படுத்துக்கிடந்த உறுத்தலும் மனதில் இருந்திருக்கிறது. அந்தப் பதில் தானாக வாயில் வந்துவிட்டது.

"சர்ச்சுக்குப் போயிருக்கான் சார்."

அப்பா தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தாராம். பிறகு, "அடிக்கடி போறதுண்டா?" என்று கேட்டிருக்கிறார். சிநேகிதனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வோமே என்று இந்தப் புண்ணியவான், "ஒரு வாரங்கூடத் தவற மாட்டான் சார்!" என்று அடித்துவிட்டான்.

சொன்ன பிறகுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்கிறான். காபி வாங்கி வருகிறேன் என்று தப்பித்து, படிகளில் தடதடவென்று இறங்கி, சமையலறைப் பின்வாசலில் எங்களுக்காகக் காத்திருந்தான். கறிப்பையோடு வந்த என்னைப் பிடித்து நிறுத்தினான்.

"எலே, ஒங்க அப்பா வந்திருக்காவ. நீ சர்ச்சுக்குப் போயிருக்கன்னு சொல்லிட்டேம்ல."

அவன் சொன்னதை ஆமாம் என்று ஒத்துக்கொண்டால் மதம் மாறிவிட்டேன் என்று குரோம்பேட்டை. உண்மையைச் சொன்னால் கறிக்கடைக்குப் போனதற்காகக் குரோம்பேட்டை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சித்தப்பா பிள்ளைகளின் கணக்குப் புத்தகம்தான். அவனை அறையலாம் போலிருந்தது. அவன் முகத்தைப் பார்த்தால் ஏற்கெனவே அறை வாங்கியவனைப் போல நின்றான். பையைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு மேலே போனேன்.

அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் நாலாக மடித்த துண்டு. கட்டிலுக்கு அடியில் இருக்கும் என் டிரங்குப் பெட்டி வெளியே இழுக்கப்பட்டு அறையின் நடுவில் இருந்தது.

"எப்பலேருந்து?" என்றார்.

பெட்டியைப் பார்த்ததும் எனக்கு என்னமோ பொய் சொல்லத் தோன்றவில்லை. "நான் சர்ச்சுக்குப் போகலப்பா. கறி வாங்கப் போயிருந்தேன்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கு?"

"ஹால்ல எல்லாருக்கும். நான் மெஸ் செக்ரட்டரி."

"நீ சாப்பிடுறியா?"

"இல்லப்பா. சத்தியமா இல்ல."

"பின்ன உன்ன எதுக்கு அனுப்புறாங்க?"

"சாப்பிடாததாலதான்."

மீட்டிங்கில் நடந்ததையெல்லாம் சொன்னேன். அப்பா மடியிலிருந்து துண்டை எடுக்கவில்லை. பயத்தில் நானே முந்திக்கொண்டு, "நான் கறியப் பாக்கக்கூட மாட்டேன்ப்பா. கடைக்கு முதுகக் காட்டிக்கிட்டுதான் நிப்பேன்" என்றேன். அது என் தரப்பில் பெரிய வாதம் என்று நினைத்தேன்.

அப்பா எழுந்தார். "சாப்பாடு எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். பெட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது நடு அறையிலேயே கிடந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் சைவக்காரர்கள் வழக்கமாக உட்காரும் மேசையில் அப்பாவை உட்கார வைத்தேன். சைவத்துக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி என்பதைச் சமையல்காரரே வந்து அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். என் இடம் கறி அண்டாவுக்குப் பின்னால். கையில் கரண்டி. வேறு வழியில்லை, அப்பாவின் கண்ணெதிரே நான் கறி அள்ளிப் போட்டேன்.

வரிசை நகர்ந்தது. உயரமான ஒரு சீனியர் குனிந்து, "மச்சான், அந்தத் துண்டு, அந்தத் துண்டு" என்றார். "கரண்டியில வர்றதுதான் அண்ணா" என்றேன். "உங்க அப்பா முன்னாடி பந்தா காட்டுறியா?" என்றார். கரண்டியில் வந்ததைத்தான் போட்டேன். எலும்பு நிறைய இருந்தது. அன்றைக்குப் பல பேருடைய முணுமுணுப்பு என் காதில் விழுந்தது.

நடுவில் திரும்பிப் பார்த்தால், என் தோழன் சைவத் தட்டோடு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டு வாரமாக இந்தக் கறிக்காகக் காத்திருந்தவன், சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான். காலையில் செய்த காரியத்துக்குத் தானே விதித்துக்கொண்ட தண்டனை. ஆனால் கண் மட்டும் அக்கம்பக்கத்துத் தட்டுகளை மேய்ந்துகொண்டிருந்தது. அங்கே நடந்த பேச்சை அவன் பிற்பாடு சொன்னான்.

"தம்பி, நீ சைவமா?" என்று அப்பா கேட்டிருக்கிறார்.

ஒரே நாளில் இன்னொரு பொய்யும் சொல்ல அவனால் முடியவில்லை. "இல்ல சார்."

"பின்ன ஏன் இத சாப்பிடுற?"

"நீங்க பக்கத்துல இருக்கீயல்லா சார்."

அப்பா அவன் தட்டிலிருந்த சாம்பார் சாதத்தைப் பார்த்தாராம். பிறகு, "போயி வாங்கிட்டு வா. இங்கயே உக்காந்து சாப்பிடு" என்றாராம்.

வரிசையின் கடைசி ஆளாக அவன் என் எதிரே தட்டை நீட்டினான். அண்டாவின் அடியைச் சுரண்டினேன். நாலைந்து எலும்பும் குழம்பும் வந்தன. அதற்குமேல் ஒன்றுமில்லை. அவனுக்கென்று ஒரு நல்ல துண்டு எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. எடுத்து வைக்காமல் இருப்பதற்குத்தானே என்னை நிறுத்தியிருந்தார்கள். அவன் பரவாயில்லை என்று தலையசைத்துவிட்டு, தட்டோடு திரும்பிப்போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அப்பா நகரவில்லை. மீன் என்ற பேச்சுக்கே பந்தியை விட்டு எழுந்தவர், பக்கத்தில் ஒரு பையன் எலும்பைக் கடித்து உறிஞ்ச, தன் தட்டை ஓர் அங்குலம்கூடத் தள்ளிவைக்காமல் தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்தார். அந்தப் பையன் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவும் இல்லை. நான் காலி அண்டாவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அறைக்கு வந்ததும் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். டிரங்குப் பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

கூடி வாழ்வதைப் பற்றி நான் யோசிப்பதெல்லாம் அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் போய் முடிகிறது. அப்பா தன் சைவத்தை விடவில்லை. கடைசிவரை விடவில்லை. என் தோழனும் ஆராதனையை விடவில்லை. யாரும் யாரையும் மாற்றவில்லை. ஒருவருக்காக ஒருவர் கொஞ்சம் சங்கடப்பட்டார்கள், அவ்வளவுதான். மேடைப் பேச்சுகளில் இந்தச் சங்கடம் வருவதே இல்லை. அதனால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது என்று தோன்றுகிறது.

சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் வரை அப்பாவோடு நடந்தேன். வழியெல்லாம் அவர் படிப்பைப் பற்றிக் கேட்டார். கறியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நீ இங்கயே இருந்து படி, சித்தப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார் டிக்கெட் வாங்கும்போது. வண்டி வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கையைக் காட்டி என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"கடைக்காரனுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்காத" என்றார். "முன்னால நின்னு, பாத்து வாங்கு. அந்தப் பையன் தட்டுல பூராவும் எலும்பு."