தனியாக வைத்திருந்த கிளாஸ்

தொண்ணூற்றெட்டாம் வருடம் என்று நினைவு. அப்போது டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் குடியிருந்தோம். பெரிய ப்ராஜெக்ட் ஒன்று முடிந்த சந்தோஷத்தில், என் கணவரின் மேனேஜர் டீமில் இருந்தவர்களை மனைவிமாரோடு நியூ ஆர்லியன்ஸுக்கு அழைத்துப் போனார். தெரிந்த ஆன்ட்டி ஒருவரிடம் மகளை விட்டுவிட்டுக் கிளம்பினேன். எனக்குப் போகவே மனமில்லை.

காரணம் உண்டு. என் கணவருக்குக் குடிப்பழக்கம் இருந்தது. ஒருநாள் குடித்துவிட்டு, டேகேரிலிருந்து குழந்தையைக் காரில் கூட்டி வந்தவர் எங்கள் வீட்டு மெயில்பாக்ஸில் மோதித்தான் வண்டியை நிறுத்தினார். நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றோடு விட்டார். கிட்டத்தட்ட ஒரு வருடமாக, குடியை நிறுத்தியவர்கள் கூடும் கூட்டத்துக்கு வாரம் தவறாமல் போய்க்கொண்டிருந்தார். ஊரில் இருக்கும் அம்மாவிடம்கூட நான் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆபீஸ் நண்பர்களுக்கும் தெரியாது. பார்ட்டி என்றாலே ஏதாவது சாக்குச் சொல்லிக் கழன்றுகொள்வோம். இந்த முறை முடியவில்லை. கிரீன் கார்டு விஷயமெல்லாம் அந்த மேனேஜர் கையில்தான் இருந்தது.

நாங்கள் போனது நூறு வருடத்துக்கும் மேல் பழமையான, அந்த ஊருக்கே உரிய கிரியோல் சமையல் செய்யும் ஒரு ரெஸ்டாரண்ட். சாப்பாட்டு மேஜை தயாராகும்வரை, முன்பக்கம் இருந்த பாரில் உட்காரச் சொன்னார்கள். அந்த ஊரின் பழைய காக்டெயிலான சஸராக்கை ஆண்கள் எல்லோரும் குடித்துப் பார்த்தே ஆகவேண்டும் என்று மேனேஜர் ஆர்டர் பண்ணிவிட்டார். என் கணவர் சிரித்தார். பிறகு ரெஸ்ட்ரூம் போய்வருவதாக எழுந்து போனார். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இன்றோடு எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும், தண்ணீர் கேட்கும் சாக்கில் நான் எழுந்து கவுன்டரின் கோடிக்குப் போனேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட வயதான பார்டெண்டர், வரிசையாக இருந்த சின்னக் கிளாஸ்களில் சோம்பு வாசனை அடிக்கும் ஏதோ மதுவைக் கொஞ்சம் விட்டுச் சுழற்றி, மிச்சத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். விஸ்கியை அதற்குப் பிறகுதான் ஊற்றுவார்களாம். அந்த நீலச் சட்டைக்காரர் என் கணவர், அவர் கிளாஸில் மட்டும் மது வேண்டாம், அவருக்கும் இது தெரியவேண்டாம் என்று தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

பார்டெண்டர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். வரிசையில் சேராமல் தனியாக வைத்திருந்த ஒரு கிளாஸைக் காட்டினார். அதில் இருந்தது வெறும் டீ. உங்கள் கணவரே சற்று முன்பு வந்து கேட்டுவிட்டுப் போனார் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். மற்றவற்றுக்குச் செய்வதுபோலவே அதற்கும் எலுமிச்சைத் தோலை முறுக்கிப் போட்டார். பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை.

கிளாஸ்கள் வந்தன. “என்ன மச்சி, இத்தன நாளா டிமிக்கி குடுத்தே, இன்னிக்கு வசமா மாட்டிக்கிட்டியா?” என்று ஒரு நண்பர் சீண்டினார்.

“மேனேஜரே வாங்கித் தர்றப்போ எப்படிடா வேணாம்னு சொல்றது?” என்று இவர் ஒரு வாய் குடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

“ஏன் ஒரு மாதிரி இருக்கே?” என்று மெதுவாக என்னைக் கேட்டார்.

“ஒண்ணுமில்ல, பசிக்குது” என்றேன்.

அந்த ஒரு வருடமும் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது நான்தான் என்று நினைத்திருந்தேன். நான் பார்க்காத இடங்களில், யாருக்கும் சொல்லாமல், இதுபோல எத்தனை முறை அவர் தனியாக எழுந்து போய்த் தன்னைக் காப்பாற்றிக்கொண்டாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.