கண்ணாடிக்குள் ஆமைகள்

என் தங்கை புருஷன் ஆர்வில் ஒரு வேலையிலும் நிலைத்ததில்லை. குதிரை பழக்கினான், டென்வரில் கூரை வேலை பார்த்தான், லாரி ஓட்டினான். யார் வீட்டுக்குப் போனாலும் கை சும்மா இராது. அலமாரியைத் திறப்பான், எதையாவது துழாவுவான். "தொப்புள்கொடியத் தேடுறான்" என்று ஊரே சிரிக்கும். அலைகிறவர்களை லகோட்டாப் பழங்குடிகளான நாங்கள் அப்படித்தான் கேலி செய்வோம். மச்சான் என்ற முறையில் நான் ஒரு பங்கு கூடவே செய்வேன். அது என் உரிமை.

அவன் விஷயத்தில் அது வெறும் கேலி இல்லை. குழந்தையின் கொடி விழுந்ததும் காயவைத்து, மணிகள் தைத்த ஆமை வடிவத் தோல் பைக்குள் வைத்து மூடுவது எங்கள் வழக்கம். அவனுடைய ஆமையை அவன் அம்மா ஒரு கொடும் பனிக்காலத்தில் மாவுக்கும் காப்பிக்குமாகக் கடைக்காரனிடம் கொடுத்துவிட்டாள். நீல முதுகு, ஒரு கால் மட்டும் மஞ்சள். அது கிடைத்தால்தான் தன் அலைச்சல் ஓயும் என்று கிழவனான பிறகும் நம்பினான்.

அருங்காட்சியகத்தில் பழைய ஆமைகள் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, புல் துளிர்த்திருந்த ஒரு காலையில் அவனைக் கூட்டிப்போனேன். உள்ளே வெளிச்சம் ஆற்றுக்கடியில் இருப்பதுபோல் மங்கியிருந்தது. தொட்டில்கள், இறகுகள், நடந்து தேய்ந்த தோல் செருப்புகள் எல்லாம் எங்களைக் கடந்து மெதுவாக மிதந்து போயின. நாங்கள் நடக்கிறோம் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஆமைகள், ஆமைகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரே வாசகம்: குழந்தையின் பெயர் தெரியவில்லை. ஆர்வில் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒன்றொன்றாகப் பார்த்துப் போனான். பிறகு திரும்பி வந்தான். நான் தயாராக வைத்திருந்த கேலியை விட்டுவிட்டுக் கேட்டேன்.

"இல்லையா, மாப்ள?"

"என்னுது இல்ல." மறுபடி அந்த வரிசையைப் பார்த்தான். "இத்தன பேரா, மச்சான்? நான் ஒருத்தன்தான்னு நெனச்சேன்."



அவன் முதல் ஆமையிடம் போய்க் குனிந்தான். கைக்குழந்தையிடம் பேசும் குரலில், எங்கள் மொழியில் சொன்னான்: "ஒன்ன விட்டுட்டாங்கன்னு நெனைக்காத. தேடிக்கிட்டுதான் இருக்காங்க." அடுத்ததிடமும் அதையே சொன்னான்.

பெட்டி நீளமானது. நான் மறுகோடிக்குப் போய் அங்கிருந்து சொல்லத் தொடங்கினேன்.