மஞ்சள் தோய்த்த மேலங்கி

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் கிள்ளானில் ஒரு முதியோர் விடுதியில் ஆயா வேலை பார்த்தேன். கப்பலேறி வந்து ரப்பர் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்து, கேட்க நாதியில்லாமல் போனவர்கள் அங்கே இருந்தார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று எல்லோரும் எலும்பும் தோலுமாகக் கிடந்த நேரத்தில்தான் வாந்திபேதி வந்தது.

ஆயாக்கள் மூன்று பேர். மூவருடைய புருஷன்மார்களையும் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். என்னுடையவர் பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் வேலை செய்தவர். லோரியில் ஏறும்போது, "சீக்கிரம் வந்துருவேன், அழாதே" என்றார். அதன் பிறகு ஒரு சேதியும் இல்லை.

விடுதியில் டாக்டர் கிடையாது. மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது எல்லாம் ஒரு டிரஸ்ஸர்தான். மேலங்கியும் வாய்க்கட்டும் இல்லாமல் நோயாளிகளிடம் எங்களை விடமாட்டேன் என்று அவர் பிடிவாதமாக நின்றார். நல்ல மனுஷன். ஆனால் துணிக்கு எங்கே போவது? சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஜனங்கள் நடமாடிய காலம் அது. கடைசியில் பாசாரில் துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் ஒரு கட்டு வெள்ளைத் துணியைச் சைக்கிளில் கொண்டுவந்தார்.

"எங்க ஆளுங்க மவுத்தானா சுத்தறதுக்குன்னு ஒளிச்சு வச்சிருந்தேன். உசுரோட இருக்கிறவங்களுக்கு ஆகட்டும்" என்றார்.

அவர் மனசை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் அந்தத் துணியை மேலங்கியாகத் தைத்து எங்கள் முன்னால் வைத்தபோது மூன்று பேரும் தொடவில்லை. புருஷன் செத்தால் உடுத்துகிற நிறம். கழுத்திலிருந்து கணுக்கால்வரை அதைப் போட்டுக்கொண்டால், என்னுடையவர் போய்விட்டார் என்று நானே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடாதா? படித்தவர்களுக்கு இது மூடத்தனம். இருக்கட்டும். அவர்கள் வீட்டு ஆள் சயாமில் இல்லை.

"வேலை உடுப்பு லா இது!" என்று டிரஸ்ஸர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்ப மஞ்சள்ல முக்கிக்கிறோம், ஐயா" என்றேன்.

"மஞ்சளா இருந்தா கறை தெரியாதும்மா. கறை தெரிஞ்சாதானே மாத்துவீங்க?"

"கறை இருந்தாலும் இல்லாட்டியும் தினம் அவிச்சுப்புடறோம்."

முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார்.

கொல்லையில் மஞ்சள் செடி இருந்தது. கிழங்கைத் தோண்டி, இடித்துத் தோய்த்தோம். சாம்பல் தண்ணீரில் அவித்த முதல் நாளே நிறம் ஆரத்தித் தண்ணீர்போல் சிவந்தது. எங்களுக்கு அதுவும் சந்தோஷந்தான். ஆனால் அவித்து வெயிலில் காயப்போடப் போட, சாயம் நிற்கவில்லை. மறுபடி மறுபடி தோய்த்தோம். குழம்புக்கு மஞ்சள் இல்லை, குளிக்க மஞ்சள் இல்லை, எல்லாம் மேலங்கிக்கே போனது.

விடுதியில் ஒரு கிழவி வெற்றிலைக்காக என்னோடு தினமும் மல்லுக்கட்டுவாள். பெரியம்மா என்று கூப்பிடுவேன். கடைசிக் கிழங்கும் தீர்ந்து, மேலங்கி வெளுத்துப்போன பிறகு அவளுக்கும் பேதி கண்டது. கொடியில் தொங்கிய மேலங்கி வெள்ளை வெளேரென்று இருந்தது. உள்ளே அவள் முனகுவது கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

என்னைப் பார்த்ததும் அவள் கண் நிலைகுத்தியது. "ஐயோ, எப்போடி சேதி வந்துச்சு?"

"ஒரு சேதியும் வரல. மஞ்சள் தீந்துபோச்சு. வாயைத் திறங்க."

அவள் வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். "எனக்காகவா இதைப் போட்டே? கழட்டுடி. நான் சாகப்போற கட்டை. எனக்குத் தண்ணி வேணாம்."

"நீங்க குடிச்சு எந்திரிச்சாத்தான் கழட்டுவேன்."

முறைத்தாள். அப்புறம் வாயைத் திறந்தாள். உப்புப் போட்டுக் காய்ச்சிய தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றினேன். வாந்தி எடுத்தாள், மறுபடி குடித்தாள். ஒவ்வொரு கரண்டிக்கும் "கழட்டுடி" என்று ஒரு வசவு. அந்த வைராக்கியத்திலேயே பிழைத்தாள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். அவர் வரவில்லை. அவரோடு போன ஒருவர் வந்து, காட்டில் அவரைப் புதைத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். நான் அழுது முடிப்பதற்குள் புருஷன் வழிச் சொந்தக்காரர்கள் வெள்ளைச் சேலையோடு விடுதிக்கே வந்துவிட்டார்கள். மேலங்கிக்கு நாங்கள் அலைந்தபோது இல்லாத துணி இதற்கு மட்டும் எங்கிருந்து முளைத்ததோ!

பெரியம்மா கோலை ஊன்றிக்கொண்டு வந்து வாசலை மறித்து நின்றாள்.

"அதையெல்லாம் அவ உடுத்தி முடிச்சாச்சு. நான் பார்த்தேன். எடுத்துட்டுப் போங்க."

அவர்கள் ஏதேதோ பேசிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் பழைய பச்சைச் சேலையோடு உட்கார்ந்து அவருக்காக அழுதேன். கிழவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் வெற்றிலை கேட்கவில்லை.